பழுதுப் புத்தகத்தில் இல்லாத இரைச்சல்

11 மார்ச் 1994 – கேபிள், நாற்பது மீட்டர் – 3,240
30 செப்டம்பர் 2001 – மாலை ஆபரேட்டருக்குக் கடைசிச் சம்பளம் – 2,150
12 அக்டோபர் 2001 – காலிழந்தவருக்கு நிவாரணம் – 15,000
18 ஜூன் 2007 – பழைய கேபிள், செம்பு விலைக்கு – 610
31 மே 2011 – டெக்னீஷியனுக்கு ஓய்வுத் தொகை – 1,86,400

படகு உரிமையாளர் சங்கத்தின் கணக்கில் இந்த ஐந்தும் வெவ்வேறு பக்கங்களில் இருக்கின்றன. ஒன்றுக்கொன்று சம்பந்தம் உண்டு என்று சங்கம் ஒப்புக்கொண்டதில்லை. இரண்டாவது வரியில் வரும் மாலை ஆபரேட்டருக்கு மட்டும் ஐந்தும் சேர்ந்து ஒரே வரிதான்.

சங்கத்தின் வயர்லெஸ் அறை ஐஸ் பேக்டரியின் மாடியில் இருந்தது. கீழே ஐஸ் உடைக்கும் இயந்திரம் ஓடினால் மேலே மேசையில் உள்ள டீ கிளாஸ் தானாக நகரும். ஒரு மேசை, ஒரு செட், படகுத்துறையைப் பார்த்த ஒரு ஜன்னல். மொட்டை மாடியில் இரும்புக் கம்பம், அதன் உச்சியில் ஆன்டெனா. ஆபரேட்டர் மதியம் இரண்டு மணிக்கு உட்கார்ந்தால் இரவு பத்து வரை எழுந்திருக்க மாட்டார். கடலில் இருக்கும் படகுகள் கூப்பிடும். எங்கே இருக்கிறோம், எஞ்சின் மக்கர் செய்கிறது, காற்று எப்படி என்று கேட்கும். இவர் பதில் சொல்வார். பேசி முடித்ததும் 'ஓவர்' என்று சொல்லும் பழக்கம் வீட்டுக்கும் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது.

"தண்ணி கொண்டா, ஓவர்" என்பார் மனைவியிடம்.

"கை வேலையா இருக்கேன், நீங்களே எடுத்துக்குங்க, ஓவர்" என்பாள் அவள்.

தெருவில் அவருக்கு 'ஓவர்' என்றே பெயர். அதில் அவருக்கு உள்ளூரப் பெருமைதான்.

இந்த வேலையை வாங்கிக் கொடுத்தவர் அவருடைய அக்கா புருஷன், சங்கத்தின் டெக்னீஷியன். சட்டைப் பையில் இரண்டு பேனா வைத்திருப்பார். கறுப்பு எழுத, சிவப்பு அடிக்கோடு போட. அளந்து பார்க்காத எதையும் நம்பமாட்டார். அக்கா அளவு சரியாகப் போட்ட உப்பையும் ஒரு சிட்டிகை நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் சாப்பிட உட்காருவார். "அத்தான் வாங்கிக் கொடுத்த வேலைடா, அவர் மூக்கு அறுபடற மாதிரி எதுவும் பண்ணிடாதே" என்று அக்கா முதல் நாளே சொல்லி அனுப்பியிருந்தாள். ஆபரேட்டர் அதைத் தாலாட்டு போலப் பல வருஷம் கேட்டுக்கொண்டிருந்தார்.

1994இல் செட்டிலிருந்து ஆன்டெனாவுக்குப் போகும் கேபிளை மாற்ற வேண்டி வந்தது. செயலாளர் முதலில் கேட்டது இதுதான்: "டி.வி.க்குப் போடறாங்களே, அந்த கேபிள் ஆகாதா? பாதி விலைதானே?"

"அது எழுபத்தஞ்சு ஓம். நம்ம செட்டும் ஆன்டெனாவும் அம்பது ஓம். ரெண்டும் ஒத்துப்போகாது" என்றார் அத்தான்.

"அந்த ஓம் எங்க எழுதியிருக்கு?"

"தோல்மேல அச்சடிச்சிருப்பான். சாதாரண மீட்டரை வச்சு அளந்தா தெரியாது. நடுக்கம்பி எவ்வளவு தடிமன், சுத்தி இருக்கற வலை எவ்வளவு தள்ளி இருக்கு, ரெண்டுக்கும் நடுவுல என்ன அடைச்சிருக்கு, அதைப் பொறுத்து வர்ற கணக்கு அது. பத்து மீட்டர் வாங்கினாலும் அம்பதுதான், நூறு மீட்டர் வாங்கினாலும் அம்பதுதான்."

"நீளம் கூடினாலும் கூடாதா? அப்ப நல்ல சரக்குதான்" என்று செயலாளர் பணத்தை எடுத்துக் கொடுத்தார்.

அத்தானும் ஆபரேட்டரும் கடைக்குப் போனார்கள். கடைக்காரர் மூன்று சுருள்களைக் கவுன்டரில் எடுத்துப் போட்டார். முதலாவது பென்சில்கூட இல்லை, அவ்வளவு மெலிசு. இரண்டாவது விரல் தடிமன். வெட்டுவாயில் பார்த்தால் நடுவில் செம்பு, அதைச் சுற்றிப் பால் நிறத்தில் கெட்டியான பிளாஸ்டிக், அதன்மேல் செம்பு வலை, கறுப்புத் தோல். மூன்றாவதும் அதே தடிமன்தான். ஆனால் உள்ளே கெட்டி பிளாஸ்டிக்குக்குப் பதில் நூல்போல ஒரு பிளாஸ்டிக் இழை நடுக்கம்பியைச் சுற்றிக்கொண்டு போனது. மீதி எல்லாம் காற்று.

அத்தான் கையிலிருந்த கால்குலேட்டரைத் தட்டினார். செட் வெளியே தள்ளுவது இருபத்தைந்து வாட். கேபிள் என்பது வெறும் வழி அல்ல, வழியில் நின்று பங்கு பிடுங்குகிற ஆளும்கூட. மெலிசான கேபிளில் நாற்பது மீட்டர் போனால் உச்சிக்குப் போய்ச் சேருவது நாலு வாட். கெட்டியில் பதினொன்று. காற்றுக் கேபிளில் பதினாறு.

"பதினாறு" என்று அத்தான் மூன்றாவது சுருளின்மேல் கையை வைத்தார்.

"எங்க போடறீங்க?" என்று கடைக்காரர் கேட்டார்.

"மொட்டை மாடியிலே. படகுத்துறைக்குப் பக்கத்திலே."

"அப்ப கெட்டியை எடுத்துக்குங்க சார். காத்துக் கேபிள் குழாய் மாதிரி. வெளித்தோல்ல ஊசிமுனை அளவு விரிசல் விட்டா போதும், உப்பு ஈரம் உள்ள இறங்கிக் காலாற நடந்துபோகும். கெட்டியில அந்த இடத்தோட நின்னுடும். வெயிலும் உப்பும் இருக்கற இடத்துல நம்பர் குறைஞ்சாலும் உசுரு கெட்டியா இருக்கணும்."

"முனையை நான் டேப் சுத்தி அடைச்சிடுவேன். ஒரு சொட்டு போகாது."

"முனையில போகாது சார். நடுவுல?"

அத்தான் சிரித்தார். "பதினாறு பெருசா, பதினொண்ணு பெருசா, நீங்களே சொல்லுங்க."

கடைக்காரர் தோளைக் குலுக்கிவிட்டு வெட்டுக் கத்தியை எடுத்தார். ஆபரேட்டருக்குக் கடைக்காரர் சொல்வதில் ஏதோ இருக்கிறது என்று பட்டது. ஆனால் கடைக்காரன் முன்னால் அத்தானை எதிர்த்துப் பேசுவதா? சுருளைத் தோளில் மாட்டிக்கொண்டு பின்னாலேயே நடந்தார்.

புதுக் கேபிளைப் போட்ட அன்று அறையே களைகட்டிவிட்டது. வெகுதூரத்துப் படகு பக்கத்து வீட்டில் பேசுவது போலக் கேட்டது. அத்தான் எஸ்.டபிள்யு.ஆர். மீட்டரை வைத்து அளந்தார். மேலே அனுப்பிய சக்தியில் எவ்வளவு ஆன்டெனாவில் மோதித் திரும்பி வருகிறது என்று காட்டும் மீட்டர் அது. முள் ஒன்றில் நின்றால் எதுவுமே திரும்பவில்லை, எல்லாம் வானத்துக்குப் போய்விட்டது என்று அர்த்தம். மூன்றைத் தொட்டால் ஆபத்து. அன்று 1.3 வந்தது. அத்தான் மாதா மாதம் அளந்து எழுதுவதற்கு ஒரு நோட்டுப் போட்டார்.

அடுத்த வருஷம் 1.25. அதற்கடுத்து 1.2. பிறகு 1.1. மீட்டர் வருஷத்துக்கு வருஷம் நல்லபடியாக இறங்கிக்கொண்டே வந்தது. பொதுக்குழுவில் செயலாளர் அதை வாசித்துக் கைதட்டு வாங்கினார்.

ஆபரேட்டருக்கு மட்டும் 1999 வாக்கில் ஏதோ இடறியது. தூரத்துப் படகுகளின் குரல் இரைச்சலுக்குள் கரையத் தொடங்கியது, அடைமழைக்குள் நின்று ஒருவன் முணுமுணுப்பது போல. பக்கத்துப் படகுகள் கணீரென்று கேட்டன. பகல் ஆபரேட்டருக்குக் குறையே தெரியவில்லை. பகலில் பேசுபவை துறைக்குத் திரும்பும் படகுகள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டில் சாப்பிடும்போது சொன்னார்: "அத்தான், சாயங்காலத்துல இரைச்சல் ரொம்ப அதிகமா இருக்கு. தூரத்து ஆளுங்க சத்தமே வரமாட்டேங்குது."

"எப்படி வராம போகும்? போன மாசம் 1.07டா. வேற எந்தத் துறையிலயாவது இந்த ரீடிங்கைக் காட்டச் சொல்லு, நான் மீசையை எடுத்துடறேன்."

"இல்ல அத்தான், காதுல..."

"காதுக்கு ரீடிங் கிடையாது மாப்ளே. உனக்கு மீட்டர்மேல சந்தேகமா, என்மேல சந்தேகமா?"

அறையில் பழுதுப் புத்தகம் என்று ஒன்று உண்டு. எந்த ஆபரேட்டரும் குறை இருந்தால் அதில் எழுதிக் கையெழுத்துப் போடலாம். டெக்னீஷியன் செயலாளரிடம் போய் விளக்கம் சொல்லியாக வேண்டும். அதில் எழுதட்டுமா என்று ஆபரேட்டர் வாயெடுப்பதற்குள் அக்கா அடுப்படியிலிருந்து வந்துவிட்டாள்.

"டேய், அதையெல்லாம் புத்தகத்துல கித்தகத்துல எழுதி வச்சுடாதே. ஒவ்வொரு வரிக்கும் அவரைக் கூப்பிட்டு நிக்க வச்சுக் கேள்வி கேப்பாங்க. வீட்டு ஆளு நீ, வீட்டுலயே சொல்லு."

வீட்டிலேயே சொன்னார். அடுத்த மாதமும் சொன்னார், அதற்கடுத்த மாதமும் சொன்னார். சாப்பாட்டுத் தட்டுக்கு மேலே சொன்னதெல்லாம் கை கழுவிய தண்ணீரோடு போயிற்று.

2001 செப்டம்பரில் ஒரு படகு வெகுதூரத்தில் வலை இழுத்துக்கொண்டிருந்தபோது விஞ்ச் என்கிற இழுவை இயந்திரத்தின் கம்பி டிரைவரின் காலைச் சுற்றி நெரித்துவிட்டது. அவிழ்ந்த வலை படகின் அடியில் சுழலும் விசிறியில் சிக்கி எஞ்சினும் நின்றது. டிரைவரின் கூட்டாளி மைக்கைப் பிடித்துக் கரையைக் கூப்பிட்டான். அக்கம்பக்கத்தில் வேறு படகு இல்லை. வெளிச்சம் போகும் முன்பிருந்து தொண்டை கட்டும்வரை கூப்பிட்டான். கரை பேசவில்லை. மறுநாள் தற்செயலாக அந்தப் பக்கம் வந்த படகு கட்டி இழுத்து வந்தது. டாக்டர் காலை முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாயிற்று. நேற்றே வந்திருந்தால் பாதத்தை மட்டும் எடுத்திருப்பேன் என்று அவர் சொன்னது துறை முழுக்கப் பரவியது.

விசாரணையில் முதலில் அந்தக் கூட்டாளி பேசினான். "கத்திக் கத்தி வாயில ரத்தம் வராத குறை. நீ என்ன பண்ணிட்டிருந்தே ஓவர்?"

"செட்டு முன்னாலதான் இருந்தேன். இரைச்சல் மட்டும்தான் வந்தது."

"இரைச்சலா, குறட்டையா?"

அறையில் நாலைந்து பேர் சிரித்துவிட்டார்கள். செயலாளர் சோதனை வைத்தார். துறையில் கட்டியிருந்த ஒரு படகிலிருந்து பேசச் சொன்னார். "மணி மாதிரி கேக்குது!" என்று அதிலிருந்தவன் கத்தினான். ஜன்னலைத் திறந்தால் வயர்லெஸ் இல்லாமலேயே கேட்கும் தூரம் அது. அதை யாரும் எடுத்துச் சொல்லவில்லை.

பிறகு அத்தானைக் கூப்பிட்டார்கள். நோட்டோடும் மீட்டரோடும் வந்தார். எல்லோர் கண்ணெதிரே அளந்தார்.

"1.05" என்றார். "நான் அளந்ததுலயே இதுதான் நல்ல ரீடிங்."

"அப்ப சாமான்ல குறை இல்லை?"

"சாமான்ல இல்லை."

"அப்ப ஆள்லதான்" என்றார் செயலாளர்.

ஆபரேட்டர் அத்தானைப் பார்த்தார். அத்தான் மீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் சொன்னது தொண்டைவரை வந்தது. இங்கே அவிழ்த்துவிட்டால் அக்கா புருஷனைச் சபையில் நிறுத்தியதாகும். "நான் தூங்கல" என்று மட்டும் சொன்னார். அதைச் சொன்ன விதத்திலேயே அது பொய்போல இருந்தது.

கடைசிச் சம்பளத்தை வாங்கிக்கொண்டு இறங்கினார். அவர் இடத்துக்குச் செயலாளரின் மைத்துனன் வந்தான். அவன் உண்மையாகவே தூங்குவான். அவன்மேல் ஒரு புகாரும் வந்ததில்லை. ஏனென்றால் படகுக்காரர்கள் கரையை நம்புவதை விட்டுவிட்டார்கள். ஒரு படகு அடுத்த படகிடம் சொல்லி, அது இன்னொன்றிடம் சொல்லிச் செய்தியைக் கைமாற்றி வந்தார்கள்.

ஆபரேட்டருக்கு மீன் குளிர்பதனக் கிடங்கின் கேட்டில் நிற்கும் வேலை கிடைத்தது. வண்டி வந்தால் திறக்க வேண்டும், போனால் மூட வேண்டும். இது மட்டும் என்றால் காலத்தை ஓட்டியிருக்கலாம். ஆனால் கால் போன டிரைவர் சங்கம் கொடுத்த நிவாரணத்தில் தூண்டில், நைலான் நரம்பு, முள் விற்கும் பெட்டிக்கடை வைத்தார். இடம் கிடைத்தது கிடங்கு கேட்டுக்கு நேர் எதிரே. தினமும் காலையில் கடைப் பலகையைத் திறந்து, ஊன்றுகோலைச் சாய்த்து வைத்துவிட்டு, குரல் கொடுப்பார்.

"என்ன ஓவர், தூங்கி எந்திரிச்சாச்சா?"

லாரிக்காரர்கள் சிரிப்பார்கள். ஆபரேட்டர் கேட்டின் தாழ்ப்பாளை ஒருதரம் திறந்து மூடுவார். அவருக்குச் சங்கத்தின் மேலோ சம்பளத்தின் மேலோ ஆசை இல்லை. எதிரே இருக்கும் அந்த ஒரு மனுஷன், 'இவன் அன்னைக்கு முழிச்சுட்டுத்தான் இருந்தான்' என்று நம்ப வேண்டும். அவ்வளவுதான் வேண்டியிருந்தது. அவ்வளவுதான் கிடைக்கவில்லை.

வீட்டில் 'ஓவர்' சொல்வதை அவர் நிறுத்திவிட்டார். மனைவியும் நிறுத்திவிட்டாள்.

2007 ஜூனில் ஒருநாள் அத்தான் கிடங்கு கேட்டுக்கு வந்தார். வெயிலில் நின்றுகொண்டு, குடை கையில் இருந்தும் விரிக்கவில்லை.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"சொல்லுங்க அத்தான்."

"கம்பத்துக்குப் பெயின்ட் அடிக்க ஆன்டெனாவைக் கழட்டிக் கீழ வச்சிருந்தாங்க. எனக்கு யாரும் சொல்லல. நான் வழக்கம்போல மாச ரீடிங் எடுத்தேன். 1.05. எழுதிட்டு மேல போறேன், ஆன்டெனா சுவத்துல சாஞ்சு கிடக்கு. கேபிள் முனை காத்துல ஆடுது."

ஆபரேட்டருக்குச் சட்டென்று விளங்கவில்லை.

"மேல ஒண்ணுமே இல்லடா. முனை வெறுமனே தொங்குது. முள்ளு எகிறிப் போய் அடிச்சிருக்கணும். ஆனா எல்லாம் பிரமாதம்னு காட்டுது. மீட்டர்தான் போச்சுன்னு நினைச்சு இன்னொண்ணு கொண்டுவந்து வச்சேன். அதுவும் அதேதான். அப்புறம் கேபிளை அறுத்துப் பார்த்தேன்." அத்தான் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டார். "உள்ள இருக்கற செம்பு வலை கறுத்துப் பொடியாப் போயிருக்கு. கையில ஒட்டுது. மொட்டை மாடி வெயில்ல நடுவுல வெளித்தோல் வெடிச்சு, உப்பு ஈரம் நீளத்துக்கும் ஓடியிருக்கு."

"அப்ப மீட்டர்?"

"அனுப்பின சக்தியைக் கேபிளே தின்னுடுச்சு. மேல போனாத்தானே திரும்பி வரும்? கொஞ்சநஞ்சம் போனதும் திரும்பற வழியில செத்துடுது. திரும்பி எதுவும் வரலன்னதும் மீட்டர் நல்லா இருக்குன்னு சொல்லுது. கேபிள் கெடக் கெட ரீடிங் நல்லா வந்திருக்கு."

"பொதுக்குழுவில கைதட்டினாங்களே, 1.1க்கு."

அத்தான் குடையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டார்.

"முதல்ல வந்த 1.3தான் ஒழுங்கா இருந்த காலமா?"

"ஆமா."

"வர்ற சத்தமும் அதே கேபிள் வழியாத்தானே வரணும்?"

"ஆமா. பக்கத்து ஆளு சத்தம் பலமா இருக்கறதால மிச்சம் கேக்கும். தூரத்து ஆளு..." அத்தான் கையை விரித்தார்.

எதிர்க் கடையில் டிரைவர் யாருக்கோ நரம்பு அளந்து வெட்டிக்கொண்டிருந்தார். ஆபரேட்டர் அந்தப் பக்கம் பார்த்தபடியே, "இப்ப சொன்னதை அப்படியே ஒரு பேப்பர்ல எழுதிக் கொடுங்க" என்றார்.

"எழுதினா என் கதை முடிஞ்சுதுடா. கால் போனதுக்குப் பொறுப்பு என் தலையில விடியும். இன்னும் நாலு வருஷம் இருக்கு. ஓய்வுத் தொகையை நிறுத்தி வச்சுடுவாங்க. ரிட்டையர் ஆன அடுத்த வாரம் எழுதித் தர்றேன், சத்தியமா."

"அந்தக் கேபிள் எங்க?"

"நேத்தே எடைக்குப் போட்டாச்சு."

"யாரு போட்டது?"

"சீட்டுல என் கையெழுத்துதான்" என்றார் அத்தான். பொய் சொல்லத் தெரியாத மனுஷன். அவருடைய யோக்கியதையே அப்படி ஒரு துன்பமாக இருந்தது.

அன்று மாலையே அக்கா வந்துவிட்டாள். வாசலில் செருப்பைக்கூடச் சரியாக விடவில்லை. "ஆறு வருஷம் பொறுத்துட்டே. இன்னும் நாலு வருஷம் பொறுக்கக் கூடாதாடா? உன் அக்கா பொண்ணு கல்யாணம் அந்தப் பணத்துலதான் இருக்கு."

ஆபரேட்டர் பனியன் நுனியை முறுக்கிக்கொண்டிருந்தார். மனைவிதான் பேசினாள். "அண்ணி, உங்க வீட்டு மீட்டர் பொய் சொன்னப்போ ஒரு நிமிஷத்துல நம்பினாங்க. என் வீட்டு மனுஷன் சொன்ன நிஜத்துக்குப் பத்து வருஷம் வரிசையில நிக்கணுமா?"

"நான் என்னடி பண்ணுவேன்? ஒரு பக்கம் தம்பி, ஒரு பக்கம் புருஷன்."

"ரெண்டு பக்கமும் இருந்தீங்க. ஆனா சாப்பாடு பரிமாறினது ஒரு பக்கம்தான்."

அக்கா அழுதுகொண்டே போனாள். ஆபரேட்டர் மனைவியைக் கடிந்துகொண்டார். பிறகு எழுந்து போய் வாசலில் கிடந்த செருப்பு அக்காவுடையதா என்று பார்த்தார். அவள் போட்டுக்கொண்டுதான் போயிருந்தாள்.

மறுநாள் அவர் தெருவைக் கடந்து டிரைவர் கடைக்குப் போனார். ஆறு வருஷத்தில் முதல் தடவை. கேபிள், வலை, மீட்டர், எல்லாவற்றையும் சொன்னார். டிரைவர் முள்ளைக் கோத்தபடியே கேட்டார்.

"யாரு கண்டுபிடிச்சது?"

"எங்க அத்தான்."

"உங்க அத்தான். சரி. கேபிள் எங்க?"

"எடைக்குப் போட்டுட்டாங்க."

"எழுத்துல ஏதாவது?"

"நாலு வருஷம் கழிச்சுத் தரேன்னு சொல்லியிருக்காரு."

டிரைவர் வாய்விட்டுச் சிரித்தார். "நல்லாத்தான் ஜோடிச்சிருக்கீங்க மாமனும் மச்சானும். போய் கேட்டைப் பாரு ஓவர், லாரிக்காரன் ஹாரன் அடிக்கறான். அதுவாவது காதுல விழுதா?"

நாலு வருஷமும் அந்தக் காலைக் குரல் நிற்கவில்லை. ஆபரேட்டருக்கு உண்மை தெரியாமல் கேட்ட ஆறு வருஷத்தைவிட, தெரிந்துகொண்டு கேட்ட நாலு வருஷம்தான் நீளம்.

2011 மே மாதம் அத்தானுக்கு ஓய்வுத் தொகை வந்தது. சொன்ன சொல் தவறவில்லை; அடுத்த வாரமே எழுதினார். நான்கு பக்கம். எந்தக் கேபிள், எதனால் தேர்ந்தெடுத்தார், கெட்டியை ஏன் எடுத்திருக்க வேண்டும், பதின்மூன்று வருஷ ரீடிங், அறுத்துப் பார்த்தபோது என்ன இருந்தது, எல்லாம் இருந்தன. 'பிழை என்னுடையது' என்ற வரியின் கீழே சிவப்பில் அடிக்கோடு. ஒன்றைச் சங்கத்துக்கு அனுப்பிவிட்டு நகலை ஆபரேட்டரிடம் நீட்டினார்.

ஆபரேட்டர் நின்றபடியே நான்கு பக்கமும் படித்தார்.

"நான் இரைச்சல்னு உங்ககிட்ட மாசா மாசம் சொன்னது இதுல இல்லையே அத்தான்?"

"அது வீட்டுப் பேச்சுடா. ஆபீஸ் கடுதாசியில எப்படி எழுதறது? நாளும் தெரியாது, தேதியும் தெரியாது."

நாளும் தேதியும் தெரியாததை அத்தான் எழுதமாட்டார். ஆபரேட்டர் கடைக்காரர் முன்னால் பேசாமலிருந்தார், விசாரணையில் பேசாமலிருந்தார். இதற்கும் பேசாமல் காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

அதை டிரைவரிடம் கொடுத்தார். டிரைவர் கடைப் பலகையில் உட்கார்ந்து, விரலை வரிக்கு வரி நகர்த்திப் படித்தார். இடையில் வந்த ஒரு கிராக்கியை அப்புறம் வரச் சொன்னார். படித்து முடித்துவிட்டு இல்லாத காலின் பக்கத்து லுங்கியைத் தடவிக்கொண்டார்.

"அப்ப நீ முழிச்சுட்டுத்தான் இருந்தே."

"ஆமா."

"நான் பத்து வருஷமா யாரைத் திட்டிட்டு இருந்தேன்?"

ஆபரேட்டர் பலகையில் கிடந்த ஒரு முள்ளை எடுத்துப் பெட்டியில் போட்டார்.

"சங்கம் என்ன சொல்லுதுன்னு பார்ப்போம். அவங்க எழுத்துல ஒத்துக்கிட்டா எனக்கும் ஏதாவது கேட்டு வாங்க வழி இருக்கும். இல்லன்னா இந்தப் பேப்பரை வச்சு நான் என்ன பண்றது? முள்ளு மடிச்சுக் கொடுக்கவா?"

மறுநாள் காலை டிரைவர் கடையைத் திறந்தார். ஊன்றுகோலைச் சாய்த்து வைத்தார். குரல் வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் வரவில்லை. முகம் கொடுத்தும் பேசவில்லை. இத்தனை வருஷமாக ஆளைக் குத்திய ஒரு குரல் நின்றபோது, தன்னிடம் தினமும் தவறாமல் பேசிய ஒரே ஆளும் போய்விட்டதாக ஆபரேட்டருக்கு இருந்தது. இருவரும் தெருவின் இரண்டு பக்கத்திலும் சங்கத்தின் பதிலுக்குக் காத்திருந்தார்கள்.

முதலில் ஒரு கடிதம் வந்தது: பரிசீலனையில் உள்ளது. பிறகு ஒன்று: பழைய பதிவுகள் தேடப்படுகின்றன. கடைசிக் கடிதத்தைத் தபால்காரர் கிடங்கு கேட்டிலேயே கொண்டுவந்து கொடுத்தார். டிரைவர் எழுந்து, ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு, தானே தெருவைக் கடந்து வந்தார். ஆபரேட்டர் பிரித்து, வயர்லெஸ் அறையில் செய்தி வாசித்த அதே நிதானக் குரலில் வாசித்தார்.

'டெக்னீஷியனின் கடிதம் செயற்குழுவில் வைக்கப்பட்டது. கேபிள் பழுதடைந்திருக்கலாம் என்பதைச் சங்கம் மறுக்கவில்லை. எனினும், செட்டின் முன் அமர்ந்து கேட்டவர் தாங்களே. இரைச்சல் இருந்திருப்பின் அதை முதலில் தெரிவித்திருக்க வேண்டியவரும் தாங்களே. பழுதுப் புத்தகம் முழுவதும் பார்க்கப்பட்டது. 1994 முதல் 2001 வரை தங்கள் கையெழுத்தில் ஒரு புகாரும் இல்லை. பழுதைத் தெரிவிக்கத் தவறிய பொறுப்பு தங்களுடையதே எனத் தீர்மானிக்கப்பட்டு, இவ்விஷயம் இத்துடன் முடிக்கப்படுகிறது.'

"ஏன் எழுதல?" என்றார் டிரைவர். அதில் குத்தல் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

ஆபரேட்டர் வாயைத் திறந்தார். அக்காவின் அடுப்படி, தட்டு, அத்தானின் மீசை எல்லாம் வந்து நின்றன. இப்போதும் அவை வெளியே வரவில்லை.

"வேலை இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போய்த் தாழ்ப்பாளைத் திறந்தார். வண்டி எதுவும் வந்திருக்கவில்லை.

அந்தக் கடிதம் வந்த நாள்: 7 பிப்ரவரி 2012.